விலை குறைந்த ஹேமக், மொட்டை மாடி, இடுப்புவலி: எதை மாற்றலாம், எதை விட்டுவிடலாம்

கேள்வி (வேளச்சேரி வாசகர்), 7 அக்டோபர் 2023

ஆன்லைனில் 900 ரூபாய்க்கு ஒரு கேம்பிங் ஹேமக் (இரண்டு முனையிலும் கட்டித் தொங்கவிட்டுப் படுக்கும் துணி) வாங்கினேன். பாராசூட் துணி, 270 செ.மீ. நீளம், கூடவே இரண்டு கயிறு, இரண்டு கொக்கி. மொட்டை மாடியில் இரண்டு தூணுக்கு நடுவே கட்டினேன். படுத்தால் வில்லாக வளைகிறேன், தோள் இரண்டும் நெருக்குகிறது, அரை மணி நேரத்தில் இடுப்பு பிடித்துக்கொள்கிறது. கயிற்றை இழுத்து இறுக்கிப் பார்த்தேன், இன்னும் மோசம். பேசாமல் 6,000 ரூபாய் ஹேமக் வாங்கு என்கிறார் நண்பர். அப்படித்தானா?

7 அக்டோபர், இரவு

வாங்க வேண்டாம். 6,000 ரூபாய் ஹேமக்கையும் நீங்கள் இப்படித்தான் கட்டுவீர்கள், அதிலும் இடுப்பு பிடிக்கும்.

வெளியே நின்று பார்க்கும்போது மட்டமாகத் தெரிந்தால் படுக்கவும் மட்டமாக இருக்கும் என்று நினைத்துத்தான் எல்லோரும் இறுக்குகிறோம். ஏறிப் படுத்ததும் துணியின் இரண்டு ஓரமும் விறைத்து மேலே எழும்பும், உடம்பு நடுப்பள்ளத்தில் விழும், தோள் ஒடுங்கும். தளர்த்திக் கட்டுங்கள். நன்றாகத் தொய்யட்டும். பிறகு தலையை ஒரு ஓரத்துக்கும் காலை எதிர் ஓரத்துக்குமாகத் தள்ளி, கோணலாகப் படுங்கள். துணி அகலவாக்கில் விரிந்து கொடுக்கும், முதுகு கிட்டத்தட்ட மட்டமாகிவிடும். மெக்சிகோவின் யுகடான் பகுதியில் கட்டிலுக்குப் பதில் ஹேமக்கிலேயே தூங்கி எழும் வீடுகள் ஏராளம். அங்கே கோணலாகப் படுப்பதுதான் வழக்கம்.

இன்னொன்று. இறுக்குவதால் இடுப்பு மட்டுமல்ல, கயிறும் கொக்கியும் தூணும் படாதபாடு படும். கயிறு கிடைமட்டத்திலிருந்து 30 டிகிரி சரிவில் இருந்தால், 75 கிலோ ஆள் படுக்கும்போது ஒவ்வொரு பக்கக் கயிற்றிலும் 75 கிலோ இழுவை. சரிவு 15 டிகிரி ஆனால் அதே ஆளுக்கு 145 கிலோ. 10 டிகிரிக்கு 215-ஐத் தாண்டும். 5 டிகிரிக்கு 430. ஆள் எடை கூடவே இல்லை, கயிற்றை இறுக்கியதுதான் செய்த வேலை.

8 அக்டோபர்

காலையில் காபி குடிக்கும்போதுதான் உறைத்தது: என்ன தூண் என்று கேட்கவே இல்லையே.

உள்ளே கம்பி கட்டிக் கான்கிரீட் போட்ட தூணா, செங்கல் அடுக்கிப் பூசிய தூணா? இரண்டுக்கும் ஒரே பெயின்ட் அடித்திருந்தால் வெளியே வித்தியாசம் தெரியாது. செங்கல் தூண் மேலிருந்து வரும் பாரத்தைத் தாங்கும், பக்கவாட்டு இழுப்பைத் தாங்காது. ஹேமக் கொடுப்பதில் பெரும்பங்கு பக்கவாட்டு இழுப்புதான். தூண் உடைந்தால் எங்கே விழும்? இழுப்பவர் மேல், அதாவது படுத்திருப்பவர் மேல். இப்படி உயிர் போன சம்பவங்கள் பல நாடுகளில் உண்டு. மாடிக் கைப்பிடிச் சுவரில் துளை போட்டுக் கொக்கி மாட்டுவது, படிக்கட்டு அறையின் ஓரச் சுவரில் கட்டுவது, தண்ணீர்த் தொட்டியைத் தூக்கி நிறுத்திய செங்கல் கால்களில் கட்டுவது எல்லாம் இதே கதைதான். தொட்டி நிறைந்திருந்தால் சொல்லவே வேண்டாம்.

கட்டடம் கட்டியவரிடமோ ஒரு நல்ல மேஸ்திரியிடமோ கேட்டுவிட்டு மேலே படியுங்கள்.

10 அக்டோபர்

கான்கிரீட் தூண்தான் என்று பதில் வந்திருக்கிறது. சரி, வேலையை ஆரம்பிக்கலாம்.

முதல் மாற்றம் மேல்கயிறு, ரிட்ஜ்லைன். ஹேமக்கின் இரண்டு முனைகளையும் நேராக இணைத்து உங்கள் முகத்துக்கு மேலே ஓடும் ஒரு கயிறு. அதன் நீளம் துணி நீளத்தில் 83 சதவீதம். உங்கள் 270 செ.மீ. ஹேமக்குக்கு 224 செ.மீ. மூன்று மீட்டர் ஹேமக் வைத்திருப்பவர்களுக்கு 249. இதைக் கட்டிவிட்டால் தூண்களுக்கு இடைவெளி எவ்வளவு இருந்தாலும், தூணில் கட்டும் பட்டையை (கயிற்றுக்குப் பதில் வரும் அகலமான நாடா, அதைப் பற்றிப் பிறகு) யார் எப்படி இழுத்துக் கட்டினாலும், துணி தொய்யும் அளவு மாறாது. இன்று மாடி, அடுத்த வாரம் தோப்பு, எங்கே போனாலும் அதே படுக்கை. செலவு நாற்பது, ஐம்பது ரூபாய்.

படுத்துக்கொண்டு மேல்கயிற்றை இரண்டு விரலால் அழுத்திப் பாருங்கள். கொஞ்சம் வளைந்து கொடுத்தால் சரி. தந்தி போல் விறைத்து நின்றால் பட்டைகளை இன்னும் மேலே ஏற்றுங்கள். அடியோடு தொங்கினால் பட்டை தளர்ந்துவிட்டது.

கயிறு விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. நம் கடைகளில் பளபளவென்று இருக்கும் எந்தக் கயிறும் "நைலான் கயிறு"தான். நீலம், பச்சை, ஆரஞ்சு எல்லாவற்றுக்கும் அதே பெயர். அவற்றில் பல பாலிப்ரொப்பிலீன் என்ற மலிவு பிளாஸ்டிக். வெயிலில் கிடந்தால் பொடிப்பொடியாக உதிரும். ஒரு துண்டு வாங்கி வந்து பக்கெட் தண்ணீரில் போடுங்கள். மிதந்தால் பாலிப்ரொப்பிலீன் வகை, முழுகினால் நைலானோ பாலியெஸ்டரோ. இரண்டில் எது என்று நனைத்துப் பாரம் தொங்கவிட்டால் தெரியும்: நைலான் நீளும், பாலியெஸ்டர் அவ்வளவாக நீளாது. மேல்கயிற்றுக்குப் பாலியெஸ்டர் பின்னல் கயிறு, 4 மி.மீ. போதும்.

11 அக்டோபர்

ஒருவர் எழுதியிருக்கிறார்: "30 டிகிரி என்றால் துணியே 30 டிகிரி சரிவில் தொங்க வேண்டும் அல்லவா?" இல்லை. துணியின் சரிவை மேல்கயிறு பார்த்துக்கொள்ளும். 30 டிகிரி என்பது தூணிலிருந்து ஹேமக் முனை வரை வரும் பட்டைக்கு. டேப் பிடித்து அளக்க நினைப்பவர்களுக்கு: தூணுக்கும் ஹேமக் முனைக்கும் கிடைமட்டத் தூரம் 1 மீட்டர் என்றால், பட்டையை முனையைவிட 58 செ.மீ. உயரத்தில் கட்ட வேண்டும். அரை மீட்டர் என்றால் 29 செ.மீ. மூன்று மீட்டர் ஹேமக், தூண்களுக்கு நடுவே நாலரை மீட்டர் இருந்தால் பட்டை கிட்டத்தட்ட ஆறடி உயரத்துக்குப் போகும். உட்காரும் இடம் தரையிலிருந்து ஒன்றரை அடியில் வரும்.

15 அக்டோபர்

இரண்டாவது மாற்றம், கூட வந்த கயிறுகளைத் தூக்கிப் போடுவது. கொக்கிகளையும் சேர்த்து. அந்தக் கொக்கிகளை நன்றாகப் பாருங்கள், பெரும்பாலும் சாவிக்கொத்து ரகம். 12 கிலோ நியூட்டன் என்று பொறித்திருந்தால் ஏறக்குறைய 1,200 கிலோ தாங்கும், அதை வைத்துக்கொள்ளலாம். எதுவும் பொறிக்காவிட்டால் சாவிக்கே திருப்பிக் கொடுத்துவிடலாம்.

கயிற்றுக்குப் பதில் பட்டை. மரத்தில் கட்டும்போது பட்டை ஓர் அங்குலமாவது அகலம் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் மரத்தின் தோலை அறுத்துவிடும். மரத்துக்குச் சாப்பாடு போவதே அந்தத் தோலுக்கு அடியில்தான். தூணுக்கு அந்தக் கவலை இல்லை, ஆனால் தூணின் கூரான மூலை கயிற்றை அறுக்கும். மூலைகளில் பழைய சாக்கோ கால்மிதியோ வைத்துக் கட்டுங்கள்.

பட்டைக்காக நான் போனது, பழைய வண்டிப் பாகங்கள் விற்கும் புதுப்பேட்டை. பழைய கார் சீட் பெல்ட். பாலியெஸ்டர், இரண்டு அங்குலத்துக்குக் கொஞ்சம் குறைவான அகலம், ஹேமக்குக்கு வேண்டியதைவிடப் பல மடங்கு உறுதி. "எந்த வண்டிக்கு சார்?" என்று கடைக்காரர் கேட்டார். தூங்குவதற்கு என்றேன். ஒரு நிமிடம் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "சரி, பார்த்துக் கொடுங்க" என்று முடித்துக்கொண்டார்.

16 அக்டோபர்

ஹாலில் ஊஞ்சல் கொக்கி இருக்கிறது, அதில் மாட்டலாமா என்று கேட்டவருக்கு: ஊஞ்சல் நேர் கீழாக இழுக்கும், ஹேமக் சரிவாகப் பக்கவாட்டில் இழுக்கும். ஸ்லாப் போடும்போதே கம்பியோடு வளைத்து வைத்த கொக்கி தாங்கலாம். பிறகு துளை போட்டு மாட்டியது என்றால் வேண்டாம். மின்விசிறிக் கொக்கி பற்றி யாரும் கேட்கவில்லை, கேட்கவும் வேண்டாம்.

29 அக்டோபர்

சீட் பெல்ட் பற்றி யோசித்துக்கொண்டே இருந்தேன். புதுப்பேட்டைக்கு வரும் வண்டிகளில் சில ஏன் அங்கே வருகின்றன? மோதி வருகின்றன. மோதும்போது பெல்ட் இழுபட்டு நீண்டு அதிர்ச்சியை வாங்கிக்கொள்ளும். அதற்குத்தான் அது இருக்கிறது. ஒரு முறை அப்படி இழுபட்ட பெல்ட்டில் உள்காயம் இருக்கலாம், கண்ணுக்குத் தெரியாது. என் பெல்ட்டில் நெசவு அலையலையாக இல்லை, ஓரத்தில் பிசிறு இல்லை, அதனால் வைத்திருக்கிறேன். புதிதாக வாங்குபவர்களுக்கு இதைவிட நல்ல வழி லாரியில் சரக்குக் கட்டும் பெல்ட். அதுவும் பாலியெஸ்டர்தான், புதிதாகவே கிடைக்கும், எவ்வளவு தாங்கும் என்று சீட்டு தைத்திருக்கும். பெல்ட்டை இறுக்கும் பல்சக்கரப் பிடியை, ரேட்செட்டை, கழற்றிவிட்டுப் பட்டையை மட்டும் பயன்படுத்துங்கள். ரேட்செட் இருந்தால் யாராவது இறுக்கிப் பார்ப்பார்கள், மனித சுபாவம்.

83 சதவீதத்தையும் வேதவாக்காக எடுத்துக்கொள்ள வேண்டாம். அது ஆரம்பப்புள்ளி. 81-இலிருந்து 85 வரை ஒவ்வொரு விரலாகக் கூட்டிக் குறைத்துப் பாருங்கள். எனக்குக் குறைத்தால் முழங்கால் மடங்குவது சுகமாக இல்லை, கொஞ்சம் கூட்டியே கட்டுகிறேன். வீட்டில் மற்றவருக்குக் குறைத்தால்தான் பிடிக்கிறது. ஆகவே மேல்கயிற்றை ஒரு பக்கம் நழுவு முடிச்சாகப் போட்டுவைத்திருக்கிறோம்.

12 நவம்பர்

தீபாவளி லீவில் காசிமேடு மீன்பிடித் துறைமுகம். மீன் வாங்கத்தான் போனேன், கயிறு பார்த்துக்கொண்டு நின்றுவிட்டேன். வலை சரிபார்த்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவரிடம் பையிலிருந்த டைனீமா கயிற்றை (மெல்லியதாக இருந்தாலும் மிக உறுதியான செயற்கை இழைக் கயிறு) காட்டினேன். 2.8 மி.மீ. தடிமன்தான், 700 கிலோ வரை தாங்கும். விரலால் உருட்டிப் பார்த்தார். "வழுக்குதே தம்பி, இதுல முடிச்சு நிக்காது" என்றார். பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிட்டார். அதேதான் விஷயம். டைனீமா மகா வழுக்கல், சாதாரண முடிச்சு உருவிக்கொண்டு வந்துவிடும். முடிச்சுக்குப் பதில் கயிற்றைக் கயிற்றுக்குள்ளேயே நுழைத்துக் கண், அதாவது முனையில் ஒரு வளையம், போட வேண்டும். உள்ளே வெற்றிடமுள்ள பின்னல் என்பதால் இது முடிகிறது. நுழைக்கும் வால் ஒரு சாணாவது உள்ளே போக வேண்டும். இழுக்க இழுக்க வெளிப்பின்னல் உள்வாலைக் கவ்விப் பிடிக்கும்.

நுழைப்பதற்கு இணையத்தில் தனியாக ஊசி விற்கிறார்கள். வேண்டாம். கம்பி கட்டும் இடங்களில் கிடக்கும் கட்டுக்கம்பி ஒரு துண்டு, இரண்டாக மடித்தால் அதுதான் ஊசி. எங்கள் தெருவில் எப்போதும் யாராவது வீடு கட்டிக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

டைனீமாவும் தண்ணீரில் மிதக்கும். பக்கெட் சோதனையில் இதைப் பாலிப்ரொப்பிலீன் என்று நினைத்துத் தூக்கி எறிந்துவிடாதீர்கள், விலை வேறு. இன்னொன்று, 145 டிகிரி வாக்கில் உருகிவிடும். வத்தி ஸ்டாண்டைப் பக்கத்தில் வைக்காதீர்கள்.

இதெல்லாம் வேண்டுமா என்றால், வேண்டாம். பட்டையும் கொக்கியும் போதும். எனக்குக் கயிறு பின்னுவதில் பைத்தியம், அவ்வளவுதான்.

7 டிசம்பர்

மிக்ஜாம் புயல். திருவான்மியூரில் எங்கள் தெருவில் தண்ணீர் அவ்வளவாக ஏறவில்லை, கரண்ட்தான் போய்விட்டது. வேளச்சேரி வாசகர் எப்படி இருக்கிறீர்கள்? முடியும்போது ஒரு வரி எழுதுங்கள்.

விசிறி இல்லாத இரவுகளில் படிக்கட்டு முகப்பில், இரண்டு கான்கிரீட் தூணுக்கு நடுவே படுத்தேன். காற்று இருந்தது. கொசுவும் இருந்தது. மேலே போர்த்திக்கொண்டால் போதும் என்று இருந்துவிட்டேன். கொசு கீழே இருந்து கடிக்கிறது! பாராசூட் துணி மெல்லியது, உடம்பு அதில் அழுந்திக் கிடக்கிறது, துணியோடு சேர்த்துக் குத்தினால் எட்டிவிடுகிறது. முதுகு முழுக்கத் தடிப்பு.

10 டிசம்பர்

வேளச்சேரியிலிருந்து தகவல் வந்தது. நலம், வண்டி மட்டும் முழுகிவிட்டதாம். ஹேமக் மாடியில் பத்திரமாம்.

குளிர் நாட்டுக்காரர்கள் எழுதும் ஹேமக் குறிப்புகளில் பாதி, முதுகுக்குக் கீழே குளிராமல் இருக்க என்ன கட்டுவது என்பதைப் பற்றியது. நமக்கு அந்த இடத்தில் கொசு. ஆகவே மேலே மட்டும் தொங்கும் வலை உதவாது, சுற்றிலும் மூடும் உறைதான் வேண்டும்.

செய்த விதம்: கொசுவலைத் துணி 3 மீட்டர் நீளத்துக்கு, சுற்றளவும் ஏறக்குறைய 3 மீட்டர் வருமாறு ஒட்டுப்போட்டு நீளவாக்கில் தைத்து ஒரு குழாய். இரண்டு முனையிலும் பாவாடைக்கு வைப்பதுபோல் நாடா மடிப்பு. ஹேமக்கை உள்ளே விட்டு, நாடாவைப் பட்டையைச் சுற்றி இறுக்கினால் முடிந்தது. மேல்கயிறு இருப்பதால் வலை முகத்தில் விழாது. அது இல்லாதவர்களுக்கு இந்த வலையால் பயன் இல்லை. உள்ளே நுழையப் பக்கவாட்டில் ஒரு ஜிப். ஜிப் தைக்கச் சோம்பலாக இருந்தால் கால்பக்க நாடாவைத் தளர்த்தி அங்கே நுழைந்து பழகிக்கொள்ளலாம். அவசரமாக பாத்ரூம் போக வேண்டிய வயதுக்காரர்கள் ஜிப்பே வைத்துக்கொள்ளுங்கள்.

உறை உடம்பை ஒட்டாமல் கீழே தொங்க வேண்டும். ஒட்டினால் மறுபடியும் அதே கடிதான்.

டெங்கு கொசு பகலில் கடிப்பது. மதியத் தூக்கக்காரர்களுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

22 ஜனவரி 2024

பொங்கல் லீவில் ஏற்காடு. தனியார் தோட்டம், அனுமதி வாங்கிக் கட்டினோம். (காப்புக்காட்டில் நினைத்த இடத்தில் போய்த் தங்க முடியாது, 2018 மார்ச் குரங்கணித் தீக்குப் பிறகு மலையேற்ற விதிகளும் கடுமையாகிவிட்டன. ஆகவே காபித் தோட்டம், தென்னந்தோப்பு என்று தெரிந்தவர் இடமாகப் பார்ப்பதே நிம்மதி.)

குளிர் நாட்டுக்காரர்களைக் கிண்டல் அடித்ததில் கொஞ்சம் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். விடியற்காலை முதுகு ஜில்லிட்டது. ஸ்லீப்பிங் பேக் இருந்தும். உடம்பின் கீழே அது அழுந்தித் தட்டையாகிவிடுகிறது, உள்ளே காற்று நின்றால்தானே கதகதப்பு. கீழே வீசும் காற்று நேராக முதுகில். மலைக்கு மட்டும் ஒரு ஏற்பாடு தேவைதான். ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின் பெட்டியில் சுற்றி வரும் வெள்ளை ஃபோம் இருக்கிறதே, அதில் முதுகளவு ஒரு துண்டு, கார் கண்ணாடிக்கு வைக்கும் வெள்ளித் தகடு ஒன்று. இரண்டையும் முதுகின் கீழே போட்டு அடுத்த ராத்திரி சுகமாகத் தூங்கினேன். சென்னைக்கு வந்ததும் அதைக் கழற்றி அலமாரியில் வைத்தாயிற்று. இங்கே போட்டுப் படுத்தால் வெந்துவிடுவோம்.

23 ஜனவரி

ஃபோம் நகர்ந்துகொண்டே இருந்ததை யோசித்தபோது பாய் நினைவுக்கு வந்தது. கோரைப்பாய். கோரை அகலவாக்கில் ஓடுகிறது, நீளவாக்கில் நூல். அதனால் பாய் நீளவாக்கில் சுருளும், அகலவாக்கில் விறைத்து நிற்கும். ஹேமக்குக்கு வேண்டியதும் அதுவே: உடம்பின் நீளத்துக்கு வளைய வேண்டும், தோளை நெருக்கக் கூடாது. தோளிலிருந்து இடுப்பு வரை நீளத்துக்குப் பழைய பாய் ஒன்றை வெட்டி, ஓரத்தில் துணிப்பட்டை வைத்துத் தைத்து, நான்கு மூலையிலும் நாடா. தோள் நெருக்கல் நன்றாகக் குறைந்தது. காற்று வாங்குகிறது, வியர்வை ஒட்டவில்லை, கொசு முதுகை எட்டவில்லை. ஒரே கல்லில் மூன்று மாங்காய்.

ஓரத்தில் துணி தைக்காமல் போட்டால் கோரை நுனி பாராசூட் துணியைக் கிழிக்கும். பாயின் அகலத்தை இரண்டாக மடித்தாலும் கோரை முறியும். சுருட்டித்தான் எடுத்துப்போக வேண்டும்.

19 மார்ச்

தேர்தல் தேதி அறிவித்து நடத்தை விதி வந்துவிட்டது, ஊரெல்லாம் பேனரைக் கழற்றுகிறார்கள். மழைக்கு மேலே கட்ட ஃப்ளெக்ஸ் உதவுமா என்று கேட்டவருக்கு இதுதான் நேரம்.

உதவும், ஆனால் கனம். பத்துக்குப் பத்து அடி இரண்டரை, மூன்று கிலோ வரும். மாடிக்குச் சரி, முதுகில் சுமந்துபோக வேண்டாம். ஓட்டை போட்டுக் கயிறு கோர்த்தால் அந்த இடத்திலேயே கிழியும். மூலையில் ஒரு கூழாங்கல்லை வைத்துச் சுருட்டி, அதன் கழுத்தில் கயிறு கட்டுங்கள். அச்சடித்த பக்கம் வெளியே இருக்கட்டும். நான் உள்பக்கமாக வைத்துக் கட்டியதில், கண் விழிக்கும்போதெல்லாம் யாரோ ஒரு வட்டச் செயலாளர் கும்பிட்ட கையோடு என்னை வருக வருக என்றார்.

மழைத் தண்ணீர் பட்டை வழியாகவே நடந்து வந்து துணியை நனைக்கும். ஹேமக் முனைக்குச் சற்று முன்னால் பட்டையில் ஒரு பழைய ஷூ லேஸைக் கட்டித் தொங்கவிட்டால், தண்ணீர் அங்கேயே இறங்கிச் சொட்டிவிடும். எல்லா மாற்றங்களிலும் மலிவானது இதுதான்.

9 மே

கத்திரி வெயில். பாராசூட் துணியில் படுத்தால் சட்டை, தோல், துணி மூன்றும் ஒன்றாகிவிடுகிறது. பாயைக்கூடத் தாண்டிக் கை கால் ஒட்டுகிறது. எட்டு முழ வேட்டியை விரிப்பாகப் போட்டேன், நிம்மதி. அப்புறம் ஒரு யோசனை: வேட்டியே ஹேமக் ஆனால் என்ன?

எட்டு முழ வேட்டி ஏறக்குறைய 3.6 மீட்டர். இந்தக் கேள்வி-பதிலின் ஆரம்பத்தில் இருக்கும் 270 செ.மீ. ஹேமக்கைவிட அது நல்ல அளவு. (அந்த 270 பற்றி: ஐந்தரை அடி ஆளுக்குச் சமாளிக்கலாம். ஆறடிக்காரருக்கு 330 வேண்டும். துணியை ஒட்டுப்போட்டு நீட்டலாமா என்று இரண்டு பேர் கேட்டிருந்தார்கள். வேண்டாம், குறுக்கே வரும் தையலில்தான் மொத்த எடையும் நிற்கும்.) மெல்லிய வேட்டி ஒற்றையாகத் தாங்காது. தடித்த கைத்தறி இரண்டை ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டேன். முனையைக் கொசுவம் வைப்பதுபோல மடித்து மடித்துச் சேர்த்து, ஒரு சாண் மடக்கி, மடக்கிய இடத்துக்குக் கீழே கயிற்றைச் சுற்றி இறுக்கினால் உருவாது. தையல் மெஷினே தேவையில்லை.

அம்மா வந்து பார்த்தார். "இதைத்தானே உனக்கு உத்தரத்துல கட்டிப் போட்டேன், இதுக்கு ஏன் இவ்வளவு எழுதறே?" என்றார். பதில் இல்லை.

வேட்டி ஹேமக் மாடிக்கு மட்டும். நனைந்தால் உலராது, பூஞ்சை பிடிக்கும், பூஞ்சை பிடித்த பருத்தி சொல்லாமல் கிழியும்.

பாராசூட் துணியை மாடியிலேயே கட்டிவிட்டுப் போகிறவர்கள் கவனிக்க: வெயில் நைலானைத் தின்னும். நிறம் வெளுத்திருந்தால் ஓரத்தைக் கட்டைவிரல் இரண்டாலும் பிடித்துக் கிழித்துப் பாருங்கள். கிழிந்தால் உங்கள் அதிர்ஷ்டம், படுத்திருக்கும்போது கிழியவில்லையே.

11 மே

துரு. பெசன்ட் நகர், திருவான்மியூர்க்காரர்களுக்கு ஜன்னல் கம்பியைப் பார்த்தே தெரியும். இரும்பு எஸ் கொக்கி, இரும்பு வளையம் எதுவும் கடற்கரைப் பக்கம் வேண்டாம். அலுமினியக் கொக்கி பரவாயில்லை, உப்புப் படிந்தால் வாய் சிக்கும், நல்ல தண்ணீரில் அலசிவிடுங்கள்.

2 ஜூன்

எந்த மரம் என்று கேட்கிறார் ஒருவர், ஈசிஆர் பக்கம் சொந்த மனையாம், கொடுத்துவைத்தவர். தூங்குமூஞ்சி, குல்மொஹர், பெருங்கொன்றை எல்லாம் நிழலுக்கு அருமை, ஆனால் 2016 டிசம்பர் 12 வர்தா புயலுக்கு மறுநாள் சென்னைத் தெருக்களில் நடந்தவர்களுக்குத் தெரியும், எவையெல்லாம் வேரோடு படுத்துக் கிடந்தன என்று. வேம்பு, புங்கை, பூவரசு நல்லவை. அடிமரம் இரண்டு கையையும் சேர்த்துப் பிடித்தால் அடங்காத பருமன் இருக்கட்டும். இளம் சவுக்கு வளையும், படுத்ததும் மேல்கயிறு தளரும், தரை தட்டும். தென்னை உறுதிதான், மேலே என்ன காய்த்திருக்கிறது என்று அண்ணாந்து பார்த்துவிட்டுக் கட்டுங்கள். அவர் மனையில் இருக்கும் முருங்கை பற்றியும் கேட்டார். முருங்கை பருத்தாலும் தூணாகாது என்று நம்மவர்கள் எப்போதோ சொல்லிவிட்டார்கள்.

எந்த மரமானாலும் தலைக்கு மேல் காய்ந்த கிளை இருக்கக் கூடாது.

21 ஜூன்

"இவ்வளவும் செய்தேன், தாங்குமா என்று எப்படி நம்பி ஏறுவது?" நியாயமான கேள்வி. 20 லிட்டர் தண்ணீர் கேன் நான்கு. ஒன்று 20 கிலோ, ஆக 80. ஹேமக்கைத் தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் வருமாறு இறக்கிக் கட்டி, கேன்களை ஒவ்வொன்றாக உள்ளே வைத்து ஒரு ராத்திரி விட்டுவிடுங்கள். காலையில் பட்டை முடிச்சு நழுவியிருக்கிறதா, தையல் பிரிந்திருக்கிறதா, கயிறு நீண்டிருக்கிறதா பாருங்கள். தொப்பென்று விழுந்து உட்காரும்போது இழுவை எடையைவிட அதிகமாகும் என்பதால், 80 கிலோ ஆளாக இருந்தால் ஆறு கேனாவது வைத்துப் பாருங்கள். அப்புறம் நீங்கள் முதலில் உட்காருங்கள், குழந்தைகளை ஏற்றுவது அதற்குப் பிறகு.

கேன் மூடி இறுக்கமாக இருக்கட்டும்.

24 ஜூன்

வேளச்சேரி வாசகர் எழுதுகிறார்: மேல்கயிறு, லாரிப் பட்டை இரண்டு மட்டும் மாற்றினாராம், அதே 900 ரூபாய்த் துணி. இடுப்பு பிடிக்கவில்லை. கெண்டைக்கால் அடியில் மட்டும் துணி ஒரு வரப்பாக உயர்ந்து அழுத்துகிறதாம். அது கோணலாகப் படுக்கும் எல்லோருக்கும் வருவது, குட்டையான ஹேமக்கில் கூடுதலாக வரும். முழங்காலுக்குக் கீழே ஒரு துண்டைச் சுருட்டி வையுங்கள். முகத்துப் பக்கம் தளர்ந்து விழும் ஓரத்துக்கு, பாவாடைக்குப் போடும் எலாஸ்டிக் ஒரு முழம் வாங்கி ஓரத்திலிருந்து மேல்கயிற்றுக்கு இழுத்துக் கட்டுங்கள். அந்த 6,000 ரூபாயில் நண்பருக்கும் ஒரு செட் வாங்கித் தரலாம், மிச்சத்துக்கு ஒரு டிஃபன்.